முத்திரை ஒட்டாத காகிதம்

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தின் மூன்றாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளுக்கு ‘ஆணி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வரிசையில் நின்று வெந்துபோன மாணவர்கள் வைத்தது. அடித்த இடத்தை விட்டு அசையமாட்டாள் என்று பொருள். அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் ஒரு தகப்பன், “ஆணியம்மா திருப்பி அனுப்பிட்டாங்க” என்று போனில் புலம்பியது ஜன்னலுக்குள் கேட்டது. அவள் தலையைத் தூக்காமலே, “ஆணி நல்லாத்தான் இருக்கு. நீங்க கொண்டு வந்த பலகைதான் உளுத்துப்போச்சு” என்றாள்.

கோப்பை அவள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பாள். முதல் பக்கத்தை எல்லோரும் மூக்கும் முழியுமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள்; ஓட்டை கடைசியில்தான் இருக்கும். கடைசியில் இருப்பது உடல்தகுதிச் சான்றிதழ். அதில் கண் பரிசோதனைக் கட்டம் காலியாக இருந்தால், முன்னால் எத்தனை தங்கப் பதக்கம் இருந்தாலும் கோப்பு வெளியே வந்து விழும்.

“போன் நம்பர் யாரோடது?” என்பாள் விண்ணப்பத்தைப் பார்த்து.

“எங்க தெரு கம்ப்யூட்டர் சென்டர் அண்ணனோடது மேடம். அவர்தான் ஃபார்ம் போட்டுக் கொடுத்தாரு.”

“அப்போ கல்லூரியிலேர்ந்து போற தகவலெல்லாம் அவருக்குத்தான் போகும். டாக்டருக்கு அவரே படிக்கட்டும். நீ சென்டர்ல உக்காந்து டைப் அடி.”

மகனைக் கேட்ட கேள்விக்குத் தகப்பன் பதில் சொன்னால் இன்னும் மோசம். “பையனுக்கு வாய் இல்லையா? நாளைக்கு நோயாளிகிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்கவும் நீங்கதான் கூட வருவீங்களா?”

அரசுக் கல்லூரியில் சேர மதிப்பெண் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மதிப்பெண் வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். வாசலில் காகிதம் வேண்டும். அந்த வாசலில் அவள் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் பதினோரு வருடம் அதே வளாகத்து ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். மலச்சட்டி எடுத்தாள், நோயாளிகளைப் புரட்டிப் போட்டாள், புண் துடைத்தாள். துறைத் தேர்வு எழுதி அலுவலகத்துக்கு ஏறி வந்தாள். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவளிடம் ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பதினான்கு குறிப்புகள் கொண்ட அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒன்பதாவது மட்டும் சிவப்பு மையில், அவள் கையெழுத்தில்: ‘லேமினேஷன் போட்ட அசல் சான்றிதழ் ஏற்கப்படாது.’

காரணம் இல்லாமல் இல்லை. இடம் கிடைத்தவரின் அசல் மதிப்பெண் பட்டியலுக்குப் பின்பக்கம் கல்லூரி ஒரு முத்திரை குத்தும். இவர் இங்கே சேர்ந்துவிட்டார், இந்தக் காகிதத்தைக் காட்டி இன்னொரு கல்லூரியில் இடம் பிடிக்க முடியாது என்பதற்கான அடையாளம் அது. பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை மை நிற்காது. எச்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். ஆனால் பிள்ளை பெற்றவர்கள் பொக்கிஷத்தை வெறுமனே வைப்பார்களா? மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த மறுநாளே கடைக்கு ஓடி, பளபளவென்று உறை போட்டுவிடுவார்கள். வருடா வருடம் நாலைந்து பேராவது அப்படி வந்து நின்றார்கள். வருடா வருடம் அவள் திருப்பி அனுப்பினாள்.

அன்றைக்கு முதல் சுற்றின் கடைசி நாள். மாலை நாலரைக்குள் சரிபார்ப்பு முடியாதவர்களின் இடம் மறுநாள் காலை காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

காலையிலேயே இரும்புக் கம்பிக் கடைக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். மதிப்பெண் பட்டியல் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆணி அதைத் தொடக்கூட இல்லை. விரலை மட்டும் சுவர்ப் பக்கம் நீட்டினாள்.

“ஒம்பது.”

“என்னம்மா ஒம்பது?”

“படிக்கத் தெரியும்ல? பள்ளிக்கூடத்துல போய் நகல் பட்டியல் வாங்கிட்டு வாங்க.”

“பள்ளிக்கூடத்துல மூணு நாள் ஆகும்ங்கறான்! இன்னைக்குக் கடைசி நாள்!”

“அது எனக்கும் தெரியும். காலண்டர் என் தலைக்கு மேலதான் தொங்குது.”

கடைக்காரர் கத்தினார், கெஞ்சினார், மேலே யாரையோ தெரியும் என்றார். மேலே யாரும் போனை எடுக்கவில்லை. மகனைப் பள்ளிக்கு விரட்டிவிட்டு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஜன்னலுக்குள் ஒரு கோப்பு நீண்டது. நீட்டிய கையை ஆணிக்குத் தெரியும். கட்டைவிரல் நகத்தில் சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கிய கறுப்புக் கோடு. தங்கச்சியின் கை.

இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு வருடமும் பெரியவள்தான் பார்த்தாள். விடிந்ததும் குளிப்பாட்டல், வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைப்பு, திரும்பி வந்ததும் புரட்டல், துடைப்பு, மருந்து. சின்னவள் ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவாள். வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுவாள், போவாள். அம்மா இறந்த அன்று, கூடம் நிறைய ஆள் இருக்கும்போது சின்னவள் சொன்னாள்: “நீ வார்டு ஆயாவாப் பாத்துக்கிட்ட. மகளாப் பாத்துக்கல. அம்மா வலிக்குதுன்னு அழறப்போகூட உன் கை நிக்கல.” பெரியவள் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள்.

இப்போது தங்கச்சியின் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். ஒன்பது வயதில் பார்த்தது, பதினெட்டாகியிருந்தது. கையில் ஒதுக்கீட்டுக் கடிதம்.

“வணக்கம் மேடம்” என்றது பெண்.

பெரியம்மா இல்லை, மேடம். ஆணி கோப்பைக் கடைசிப் பக்கத்தில் திறந்தாள். உடல்தகுதிச் சான்றிதழ் சரி. கண் பரிசோதனைக் கட்டம்கூட நிரம்பியிருந்தது. போன் நம்பர் பெண்ணுடையது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலி இல்லை, ஒரு அடித்தல் இல்லை. குறை சொல்ல வழியில்லாத கோப்பு வருடத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். முதல் பக்கத்துக்கு வந்தாள். மதிப்பெண் பட்டியல் முன்னும் பின்னும் பளபளத்தது.

“லேமினேஷன் போட்டிருக்கு” என்றாள்.

“ஆமா. போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்து இவ அப்பாவோட காகிதமெல்லாம் கூழாப் போச்சு. அதான் போட்டேன்.”

“செல்லாது. சுவத்துல எழுதியிருக்கு.”

தங்கச்சி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “தெரியும். மூணாம் நம்பர்னு டோக்கன் வந்தப்பவே தெரியும். ஒம்பது வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தல்ல? பழி வாங்கிக்க அக்கா.”

“இங்க யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இல்ல. காலைலயே பெஞ்சுல இருக்கற இவரையும் திருப்பி அனுப்பிட்டேன், கேளு.”

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. “தங்கச்சியாம்ல?” என்றது ஒரு குரல். “கூடப் பொறந்தவளுக்கே இந்த மரியாதைன்னா நமக்கு என்ன கிடைக்கும்?” என்றது இன்னொன்று. கம்பிக் கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “இதப் பாத்துட்டுத்தான் போவேன். சொந்தக்காரங்கன்னா முத்திரை ஒட்டும், எங்களுக்கு மட்டும் ஒட்டாதோ?”

சத்தம் கேட்டு சூப்பிரண்டு வந்தார். பாம்பும் சாகக்கூடாது, கோலும் ஒடியக்கூடாது என்று முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆணியை அவருக்குப் பிடிக்காது. அவளிடம் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை என்பதுதான் காரணம்.

“உங்க தங்கச்சி பொண்ணா மேடம்? விண்ணப்பிச்சவங்கள்ல சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு போன மாசம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே?”

“விண்ணப்பிச்சதே எனக்குத் தெரியாது சார். பேச்சுவார்த்தை இல்ல.”

“பேச்சுவார்த்தை இல்லைன்னா சொந்தம் இல்லைன்னு ஆயிடுமா?” சூப்பிரண்டுக்கு முகம் மலர்ந்தது. “ரெண்டாம் ஜன்னலுக்குக் கோப்பை மாத்துங்க. லேமினேஷன் விஷயத்துல நீங்க போட்ட சட்டந்தான். உங்க வாயாலேயே சொல்லி அனுப்பிடுங்க.”

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தது.

“மேடம், இந்த ஒம்பதாவது குறிப்பு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?”

“என்ன?”

“சேர்க்கைக் கையேட்டை மூணு தடவை படிச்சேன். அம்மா லேமினேஷன் போடப் போனப்போ தடுக்கலாமான்னு திரும்பவும் பாத்தேன். அதுல லேமினேஷன்னு ஒரு வார்த்தைகூட இல்ல. இருபத்து மூணாம் பக்கம். முத்திரை குத்த முடியணும்னுதான் இருக்கு.” குரலில் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. “சுவத்துல இருக்கறது விதியா, இல்ல நீங்களா எழுதினதா?”

வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். ஆணிக்குக் காது சூடேறியது. பன்னிரண்டு வருடமாக அந்த ஜன்னலில் கேள்வி கேட்பவள் ஆணி மட்டும்தான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மூலச் சுற்றறிக்கை இருக்கும் கோப்பை அலமாரியிலிருந்து உருவி, தூசியைத் தட்டி, சூப்பிரண்டு எதிரிலேயே படித்தாள்.

‘மதிப்பெண் பட்டியலின் அசல், அதன் பின்பக்கத்தில் கல்லூரி முத்திரை அழியாதவாறு பதிக்கத் தக்க நிலையில் இருத்தல் வேண்டும்.’

அவ்வளவுதான். இரண்டாம் முறையும் படித்தாள். அவ்வளவேதான்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒரு மாணவன் பிளாஸ்டிக் மேல் குத்திய முத்திரையைத் துடைத்துவிட்டு இரண்டு கல்லூரியில் இடம் பிடித்துவிட்டான். அவளுக்கு மெமோ வந்தது. மெமோ வந்த மறுநாள் சிவப்பு மையை எடுத்தாள். பின்பக்கம், பதிக்கத் தக்க நிலை என்றெல்லாம் நீட்டி முழக்காமல், ஒரே வரியில் கதவைச் சாத்தினாள். பயத்தில் எழுதியது பத்து வருடம் சட்டமாகச் சுவரில் இருந்தது.

“என்ன மேடம், இருக்கா?” என்றார் சூப்பிரண்டு.

“இல்ல சார். பொண்ணு சொன்னதுதான் சரி.”

மணி மூன்று பத்து. ஆணி ஜன்னல் பலகையில் ‘இடைவேளை’ அட்டையைச் சாத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் ஒரு சில்வர் டம்ளர் நிறையக் கொதிக்கிற தண்ணீர், ஒரு புது பிளேடு, ஒரு மெல்லிய கைக்குட்டை.

“பின்பக்கத்து உறையை மட்டும் எடுத்தாப் போதும். முன்பக்கம் அப்படியே இருக்கட்டும். கம்பிக் கடைக்காரர் முதல்ல வாங்க.”

“நானா? நான் எதுக்கு?”

“காலைல முதல்ல வந்தது நீங்க. வரிசைப்படிதான்.”

“என் பையனோடதை வெச்சுப் பழகிக்கப் போறீங்களா? கிழிஞ்சுதுன்னா?”

“கிழியாது. வேண்டாம்னா உக்காருங்க, நாலரைக்கு எழுந்து வீட்டுக்குப் போங்க.”

அவர் கொடுத்தார். பெஞ்சில் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு, கைக்குட்டையை விரித்து, அதன் மேல் சுடச்சுட இருந்த டம்ளரை வைத்து மெல்ல நகர்த்தினாள். பசை இளகியதும் மூலையில் பிளேடு நுனியால் உறையின் ஓரத்தைக் கிளப்பினாள். எல்லோரும் நினைத்தது போல அதைப் பிடித்து இழுக்கவில்லை. உறையைத் தாழ்வாகப் பின்னோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் காகிதத்தை உறையிலிருந்து கீழே அழுத்தி அழுத்தித் தள்ளினாள். விரல் அகலம், இன்னொரு விரல் அகலம். வார்டில் கிழவர்களின் தோலிலிருந்து பிளாஸ்டர் எடுக்கிற முறை அது. தோலை விட்டுப் பிளாஸ்டரை இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். பிளாஸ்டரைப் பிடித்துக்கொண்டு தோலைத் தள்ள வேண்டும். நேரம் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால் இரண்டு முறை வலிக்கும்.

இருபது நிமிடத்தில் பின்பக்கம் முழுக்க வந்துவிட்டது. கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

“ஒரு மூலையில பஞ்சு மாதிரி ஆயிடுச்சே!”

“பின்பக்கந்தானே? அங்க உங்க பையன் மார்க் எதுவும் இல்ல. போய் அவனைக் கூப்பிடுங்க.”

அவர் நன்றி சொல்லவில்லை. “காலைலயே இதைச் செஞ்சிருந்தா என்னவாம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். அது நியாயமான கேள்விதான்.

தங்கச்சியின் பக்கம் கையை நீட்டினாள். தங்கச்சி மதிப்பெண் பட்டியலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“நீ தொடாதே. இவளே எடுக்கட்டும்.”

“எனக்கு எடுக்கத் தெரியாதும்மா” என்றது பெண். மூன்று தடவை கையேடு படித்த பெண்ணுக்கு இப்போதுதான் உதடு வெளுத்தது. “மணி மூணே முக்கால். குடுத்துடு.”

தங்கச்சி கொடுத்தாள். டம்ளரில் வேறு தண்ணீர் வந்தது. இந்தக் காகிதம் மெல்லியது. உறை மலிவானது, பசை அதிகம். ஆணி மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினாள். பாதியில் பசை பிடித்து ஒரு இடம் சுருங்கியது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆணியின் கை நிற்கவில்லை. டம்ளரை அங்கே வைத்தாள், பத்து எண்ணினாள், மறுபடியும் தள்ளினாள்.

தங்கச்சி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“அம்மா முதுகுலயும் இப்படித்தான் பண்ண.”

“இப்படிப் பண்ணதாலதான் கடைசி வரைக்கும் தோல் கிழியல.”

“அழுதாங்க.”

“அழுதாங்க. நிறுத்தியிருந்தா மறுபடியும் முதல்லேர்ந்து அழணும். நீ ஞாயித்துக்கிழமை மட்டும் வந்த. உனக்கு அழுகை மட்டும்தான் தெரிஞ்சுது.”

உறை கடைசி ஓரத்தை விட்டுக் கிளம்பி, சுருண்டு பெஞ்சில் விழுந்தது.

நாலு மணி பதினெட்டு நிமிடத்துக்கு இரண்டாம் ஜன்னல்காரர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். மை காய்ந்ததும் சூப்பிரண்டு தன் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அதன் மேல் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பெண்ணின் கைக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது.

“வகுப்பு என்னைக்குத் தொடங்குது மேடம்?”

“பின்பக்கம் போட்டிருக்கு. படி. படிக்கத்தான் தெரியுமே உனக்கு.”

பெண் சீட்டைத் திருப்பிப் படித்துக்கொண்டே நடந்தது. தங்கச்சி சொல்லிக்கொள்ளவில்லை. வாசல் வரைக்கும் போனவள், திரும்பி வந்து, பெஞ்சில் கிடந்த ஈரக் கைக்குட்டையை எடுத்துப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் போனாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பிக் கடைக்காரரின் மகன் நாலு இருபத்தாறுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான், அவனுடையதும் குத்தியாயிற்று.

நாலரைக்கு ஜன்னல்கள் மூடியதும் சூப்பிரண்டு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். சுற்றறிக்கைக்கு முரணான அறிவிப்பைத் தன்னிச்சையாக ஒட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ. தட்டச்சு செய்யும்போது அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு பிழைகூட இல்லை. ஆணி அங்கேயே பதில் எழுதினாள்: ‘தவறு என்னுடையது. அறிவிப்பை எடுத்துவிடுகிறேன்.’

“இவ்வளவுதானா?” என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

“இதுக்கு மேல என்ன சார் இருக்கு? பத்து வருஷத்துக்கு முன்ன வந்த மெமோவுக்கும் தவறு என்னுடையதுன்னுதான் எழுதினேன். அன்னைக்கும் இவ்வளவுதான் இருந்துது.”

எல்லோரும் கிளம்பினார்கள். அவள் கிளம்பவில்லை. சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்தாள். பிறகு ‘திருப்பி அனுப்பிய கோப்புகள்’ என்று எழுதிய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். பத்து வருடத்துக்குப் பத்து. ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், திருப்பிய காரணம், மறுபடி வந்த தேதி. எல்லாம் அவள் கையெழுத்து. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

காரணம்: லேமினேஷன். வந்த தேதி: மறுநாள். காரணம்: லேமினேஷன். வந்த தேதி: இரண்டு நாள் கழித்து. பெரும்பாலும் எல்லோரும் எப்படியோ நகல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அழுது, ஓடி, யார் காலிலோ விழுந்து வந்திருந்தார்கள். பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனாள். நாலாவது பதிவேட்டில் விரல் நின்றது. காரணம்: லேமினேஷன். வந்த தேதி: காலி.

ஒரு தாளை எடுத்து அந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டாள். பத்துப் பதிவேடும் முடிந்தபோது தாளில் ஏழு எண்கள் இருந்தன. ஏழு பேரும் வேறெங்காவது படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

மறுநாள் காலை காத்திருப்போர் பட்டியலின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மூன்றாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் புது அறிவிப்பு இருந்தது, குறிப்புகள் பதின்மூன்று. ஜன்னல் திட்டில் ஒரு சில்வர் டம்ளரும், காய்ந்த கைக்குட்டையும், பிளேடும் இருந்தன. மேசைக் கண்ணாடிக்கு அடியில், அவள் உட்காரும் பக்கம் பார்த்தபடி, ஏழு எண்கள் எழுதிய தாள்.

முதலில் வந்த பையனின் தகப்பன் ஆரம்பித்தார்: “மேடம், இவன் என்ன சொல்றான்னா…”

“அவனையே சொல்லச் சொல்லுங்க” என்றாள் ஆணி, கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தபடி.